வாய்ப்பூட்டு டாக்டர்

தையல்காரரின் இரண்டாவது மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் வாயாடி. அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், தான் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்டாள், அவ்வளவுதான். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு வெட்டு மேசை, இரண்டு தையல் மெஷின், துணி மாற்றிப் பார்க்க மூலையில் ஒரு திரை. அந்த அறையைத் தாண்டாமல் வீட்டுக்குள் யாரும் போக முடியாது, வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவும் முடியாது. அதனால் வீட்டில் நடப்பதெல்லாம் கடைக்குத் தெரியும். கடைக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரியும்.

பதினாலு வயதில் அவளுக்கு அழுகை வர ஆரம்பித்தது. தலை வாரும்போது வரும், சாப்பிடும்போது வரும். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அத்தை காஜா எடுத்துக்கொண்டே, சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்த தபால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது ஒண்ணுமில்லீங்க, வயசுக் கோளாறு. தானா அழுவா, தானா சரியாயிருவா."

தபால்காரர் சிரித்தார். அப்பா வாய் நிறைய குண்டூசி வைத்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னைப் பத்தி வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றீங்களே, நான் என்ன அளவெடுக்க வந்த துணியா?" என்றாள் அவள்.

அப்பா ஊசிகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துவிட்டு, "இப்ப என்ன ஆயிருச்சு? நம்ம வீட்டுப் பிள்ளையப் பத்தி நாமதானே பேசுறோம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மகள் ஏன் கோபப்படுகிறாள் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓடுகிறவர்கள், நாற்பது வயதுக்காரர் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறவர்கள், பதினாலு வயது அழுதால் மட்டும் சிரிக்கிறார்கள். அந்த வயதே ஒரு கோளாறாம். அதில் இருக்கிற ஆள் யாரும் இல்லையாம்.

அவள் மருத்துவம் படித்தாள். பிறகு மனநோய் மருத்துவம். பிறகு கடல் தாண்டிப் போய் உளப்பகுப்பாய்வு படித்தாள். அங்கே படிக்கிறவர்களும் முதலில் நோயாளியைப் போலச் சாய்வு மெத்தையில் படுத்து, மனதில் வருவதையெல்லாம் சொல்லியாக வேண்டும். வாயாடிக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. கேட்கிறவர் இடையில் சிரிக்கவில்லை, தபால்காரரிடம் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஊர் திரும்பி அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். இனிமேலும் 'அவள்' என்று எழுதினால் மரியாதையாக இருக்காது. டாக்டர் என்றே சொல்வோம்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு பன்னிரண்டு வயதோடு கதவைச் சாத்திவிடும். அதற்கு மேல் எல்லாரும் பெரியவர்கள். சேர்ந்த புதிதில் மனநோய்ப் பிரிவின் ஆண்கள் வார்டைச் சுற்றிப் பார்க்கப் போன டாக்டர், கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியவர்களுக்கான ஆஸ்பத்திரிச் சட்டை. அதன் கைகளை நாலு மடிப்பு மடித்தும் விரல் நுனிதான் தெரிந்தது. ஒரு பக்கம் கத்திக்கொண்டே இருக்கும் கிழவர், மறுபக்கம் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்த லாரி டிரைவர்.

"இந்தப் பையனுக்கு என்ன?" என்று நர்ஸைக் கேட்டார்.

"வீட்டுல யார்கூடவும் பேச மாட்டானாம் டாக்டர். வயசுக் கோளாறுதான். கொஞ்ச நாள் இங்க இருந்தா பயந்து சரியாயிருவான்."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. வளரிளம் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று எழுதிக் கேட்டார், நேரில் கேட்டார், ஆஸ்பத்திரியின் தலைவரான பெரிய டாக்டர் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இன்னிக்கு விடலைப் பசங்களுக்குத் தனிப் பிரிவு, நாளைக்கு மாமியாருங்களுக்குத் தனிப் பிரிவு கேப்பீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"மாமியார் பிரிவை நீங்க ஆரம்பிங்க. உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம்னு கேள்வி" என்றார் டாக்டர். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். தொல்லை தாங்காமல்தான் கடைசியில் ஒரு அறை கொடுத்தார்கள். அதுவரை வார்டுகளின் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறை. கஞ்சியும் பினாயிலும் கலந்த வாடை கடைசிவரை போகவேயில்லை.

படித்து வந்த முறைப்படி முதலில் அங்கேயும் ஒரு சாய்வு மெத்தை போட்டுப் பார்த்தார். முதல் வாரமே ஒரு பையன், "படுத்துக்கிட்டுப் பேசினா செத்துப் போன மாதிரி இருக்கு டாக்டர்" என்றான். எதிரெதிரே நாற்காலி போட்டால் விசாரணைக்கு வந்தவர்கள் போல முழித்தார்கள். கடைசியில் இரண்டு நாற்காலிகளையும் ஜன்னலைப் பார்த்துக் கோணலாகப் போட்டார். வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். வேண்டுமானால் திரும்பி முகத்தைப் பார்க்கலாம், வேண்டாவிட்டால் வேண்டாம். பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். படித்த இடத்துக்கு இதை எழுதியபோது, முறையைக் கெடுக்கிறீர்கள் என்று அங்கிருந்தும் திட்டு வந்தது. ஆக, இரண்டு கரையிலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவருக்கு ஒன்று பிடிபட்டது. இந்த வயதில் ஒரு பிள்ளை இரண்டு சாவுகளுக்குத் துக்கம் காக்கிறது. நேற்றுவரை தானாக இருந்த குழந்தை போய்விட்டது. எல்லாம் தெரிந்தவர்களாக இருந்த அம்மாவும் அப்பாவும் வெறும் மனிதர்களாகிவிட்டார்கள். எடுத்தெறிந்து பேசுவதும் கதவை அறைந்து சாத்துவதும் அந்தத் துக்கத்தின் வேலைகள். வேலை முடியும்வரை அவர்களுக்கு யாரும் நுழையாத ஓர் இடம் வேண்டும். அறைக்குள் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் ஒரே வாக்கைத்தான் கொடுத்தார். "நீ சொல்றது இந்த அறைய விட்டுப் போகாது. உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, யாராவது உன்னை வதைக்கிறாங்கன்னு தெரிஞ்சா மட்டும் வெளிய சொல்லுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்தால் இந்த ஞானமெல்லாம் செருப்போடு வாசலில் நின்றுவிடும். அவருடைய கணவர் மின்சார வாரியத்தில் வரைபடம் போடுகிறவர். ஒரே மகளுக்கும் பதின்மூன்று ஆகியிருந்தது. மகள் தாமதமாக வந்த ஒரு சாயங்காலம் டாக்டர் வாசலிலேயே மறித்தார்.

"எங்க போயிட்டு வர்ற? யார்கூட? சொல்லிட்டு உள்ள போ."

"நான் உன் பேஷண்ட் இல்லம்மா" என்றாள் மகள்.

"பேஷண்டா இருந்தா கேக்கவே மாட்டேனே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் டாக்டர். கணவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். "டாக்டரம்மா, ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா?" அன்றைக்கு இரண்டு பேரிடமும் டாக்டர் பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையாசிரியரின் மகள் வந்தாள். ஊரிலேயே பெயர்பெற்ற பள்ளிக்கூடம் அவருடையது. மகள் படித்ததும் அங்கேதான். ஒரு காலையில் அவள் தன் சீருடைகளையெல்லாம் தரையில் விரித்து, கத்திரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, உள்பாவாடையோடு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு சொல் பேசவில்லை. சாப்பாடும் குறைந்துகொண்டே போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது அவளுடைய மணிக்கட்டு ஒரு பிடிக்குள் அடங்கியது.

முதல் சில வாரங்கள் சைக்கிள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். நிறையப் பேசினாள். என்ன பேசினாள் என்பதை டாக்டர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, ஆகையால் நமக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம், மெல்ல மெல்ல அவள் சாப்பிட ஆரம்பித்தாள், கன்னத்தில் சதை வந்தது, ஒரு நாள் நடைபாதையில் நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள் என்பதுதான். அப்பாவிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.

தலைமையாசிரியர் டாக்டரைப் பார்க்க வந்தார். கசங்காத சட்டை, மடித்த கைக்குட்டை.

"அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

"நல்லா சாப்பிடுறா, தூங்குறா, உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்ல. அது நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது, அதைச் சொல்லிட்டேன். மத்தது அவளோடது சார்."

"நான் அவளைப் பெத்தவன்."

"அவகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறா."

"அப்ப அதுதான் அவ பதில். இப்போதைக்கு."

அவர் கைக்குட்டையை விரித்து மறுபடி மடித்தார். முனைகள் சேரவில்லை. அதைப் பார்த்து டாக்டருக்கு இரக்கம் வரத்தான் செய்தது. "நீங்களும் வந்து பேசுங்க சார். அவளைப் பத்தி இல்ல, உங்களைப் பத்தி. அதையும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். தலைமையாசிரியர் எழுந்து நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். ஊரில் பாதிப் பெரிய மனிதர்களுக்குப் பாடம் சொன்னவர். பெரிய டாக்டரின் மகனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தவரும் அவர்தான்.

விசாரணை வைத்தார்கள். நீளமான மேசை, அந்தப் பக்கம் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரியின் வக்கீல், மாமியார் ஜோக் அடித்த டாக்டர். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி. பிள்ளைகள் எதிரெதிர் நாற்காலியில் ஏன் முழித்தார்கள் என்று அன்றைக்கு டாக்டருக்கு உடம்பாலேயே புரிந்தது.

"அந்தப் பொண்ணு மைனர்" என்றார் வக்கீல். "மைனரோட விஷயம் தகப்பனோட பொறுப்பு. பொருளா இருந்தாலும் சரி, பேச்சா இருந்தாலும் சரி."

"பேச்சுக்குப் பட்டா போட்டு வச்சிருக்காரா? இருந்தா காட்டச் சொல்லுங்க."

"வாதம் பண்ணாதீங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். "உங்களுக்கே ஒரு பொண்ணு இருக்கு. அவ வேற டாக்டர்கிட்ட போய் எதையாவது சொல்லிட்டு வந்தா, தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்கு இருக்காதா?"

"இருக்கும். தலை வெடிச்சுரும். அதுக்காக அந்த டாக்டர் என்கிட்ட சொன்னார்னா, அவரை மாதிரி அயோக்கியன் வேற இல்ல."

"நாலே வரி எழுதிக் குடுங்க. விஷயத்தை முடிச்சிருவோம்."

"எதை முடிப்பீங்க? அந்தப் பொண்ணு வாழ்க்கையில முதல் தடவையா பெரியவங்க ஒருத்தரை நம்பிப் பேசியிருக்கா. நான் நாலு வரி எழுதின அன்னிக்கே, பெரியவங்க எல்லாரும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிருவா. அவ மட்டும் இல்ல, அந்த அறைக்கு வர்ற அத்தனை பிள்ளைங்களும்தான். நீங்க கேக்கறது நாலு வரி இல்ல சார், என் வைத்தியத்தையே கேக்கறீங்க. அறுவை பண்ற டாக்டர்கிட்ட போய், கத்தியக் குடுத்துட்டு அறுவை பண்ணுங்கன்னு சொல்லுவீங்களா?"

பெரிய டாக்டர் வெளியே வந்து, நடைபாதையில் எல்லார் காதிலும் விழும்படி, "அந்தம்மா வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவிய முழுங்கிட்டாங்க" என்றார். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அவர் வாய்ப்பூட்டு டாக்டர் ஆகிவிட்டார். வீட்டில் இதைச் சொன்னதும் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். "உனக்கா? வாய்ப்பூட்டா? உங்கப்பா இருந்திருந்தா கடைக்கு லீவு விட்டுக் கொண்டாடியிருப்பார்." டாக்டரும் சிரித்தார். பிறகுதான் அழுதார்.

வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும் உத்தரவு வந்தது. அதைவிட மோசம், மறுநாள் தன் சாமான்களை எடுக்கப் போனபோது கண்டது. கோணல் நாற்காலிகள் இரண்டும் நடைபாதையில் கிடந்தன. அறை முழுக்க மறுபடியும் படுக்கை விரிப்பு. அவரிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தவர்களைப் பழையபடி பெரியவர்கள் வார்டுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு தகப்பனின் ஆத்திரத்துக்காக, கத்துகிற கிழவருக்குப் பக்கத்தில் மறுபடியும் மடித்த சட்டைக் கைகள். அந்த நடைபாதையில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் பிறகு வாய்ப்பூட்டு என்ற பெயரைச் சொல்லக் கொஞ்சம் யோசித்தார்கள்.

விஷயம் தெரிந்து தலைமையாசிரியரின் மகள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பள்ளிப் பையை மடியில் அணைத்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நானே அப்பாகிட்ட சொல்லிடுறேன் டாக்டர். எல்லாத்தையும். உங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிரும்ல?"

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் பயந்து எழுந்தாள்.

"உக்காரு. கோபம் உன் மேல இல்ல. பதினஞ்சு வயசுப் பொண்ணு என் வேலையக் காப்பாத்தணும்னு நினைக்கிற நிலைமைக்கு உன்னைக் கொண்டுவந்து விட்டிருக்காங்களே, அவங்க மேல. நல்லா கேட்டுக்கோ. அப்பாகிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணினா சொல்லு. இன்னிக்கு சொல்லு, இல்ல முப்பது வயசுல சொல்லு, சொல்லாமலே இரு. ஆனா எனக்காக மட்டும் சொல்லாத. என் வேலைக்கு அதை விலையா குடுத்தின்னா, நான் உனக்குச் செஞ்சதெல்லாம் வீணாப் போயிரும்."

"அப்ப உங்க வேலை?"

"அது என் கவலை. எனக்கு வயசாயிருச்சு, கவலைப்பட உரிமை இருக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் போனபின், உள்ளறைக் கதவருகே நின்றிருந்த டாக்டரின் மகள் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  டாக்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு கணவருக்கு மட்டும் தெரிந்தது.

டாக்டர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வாடகைக்கு அறை தேடினார். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பதற்கு இடம் தர மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் கிடைத்தது, ஒரு பல் டாக்டர் காலி செய்துவிட்டுப் போன மாடி அறை. எச்சில் துப்பும் பீங்கான் தொட்டிகூட அப்படியே இருந்தது. வாசலில் பெரிய பல் வரைந்த பலகை. கழற்றிவிடலாம் என்று கணவர் ஏணியோடு வந்தார். அதற்குள் முதல் வாரம் வந்த பிள்ளைகள் அதன் அருமையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "பல்லுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொன்னால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பலகை அங்கேயே இருந்தது. கன்னம் வீங்கியவர்கள் அவ்வப்போது மாடியேறி வந்து, பற்கருவி ஒன்றும் இல்லாத அறையையும் சேலை கட்டிய அம்மாவையும் பார்த்து, வலியே மறந்து இறங்கிப் போவார்கள். அவரிடம் வந்த பிள்ளைகளைப் போல அந்த ஊரில் இத்தனை முறை பல் பார்த்துக்கொண்டவர்கள் இருக்க மாட்டார்கள்.

அந்த மாடியில்தான் அவர் தன் புத்தகத்தை எழுதினார். விடலைப் பருவம் நோயல்ல, குழந்தை வைத்தியத்தின் வாலும் அல்ல, அதற்கென்று தனி வைத்தியம் வேண்டும் என்று அந்த ஊர் மொழியில் முதலில் எழுதியவர் அவர்தான். கோணல் நாற்காலிக்காகத் திட்டிய வெளிநாட்டுப் பள்ளியே அதை மொழிபெயர்த்துப் பாடமாக வைத்தது. தலைமையாசிரியரின் மகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னாளா, டாக்டருக்குத் தெரியாது. ஒரு வாழ்த்துக்கூட வந்ததில்லை. "உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று யாரோ கேட்டபோது, "நல்லா இருக்கறவங்க டாக்டரை எதுக்கு நினைக்கணும்?" என்றார்.

டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் வளரிளம் பருவத்தினருக்கான பிரிவு ஒன்றைக் கட்டினார்கள். மூன்று மாடி. வாசலில் கல்லில் வெட்டியிருந்த பெயர், ஓய்வுபெற்றிருந்த பெரிய டாக்டருடையது. பிள்ளை சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியைப் பிரிவின் கையேட்டில் எழுதியவர் அந்த வக்கீல். அழைப்பிதழில் டாக்டரின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு இளம் பெண் டாக்டர்தான் வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டிருந்தாள்.

போகவேண்டாம் என்றார் கணவர். "போகாம இருந்தா எப்படிக் கட்டியிருக்காங்கன்னு எப்படித் தெரியும்?" என்று டாக்டர் கிளம்பினார்.

கீழே பந்தலில் பெரிய டாக்டர், "நாம் அன்றே விதைத்த விதை" என்று பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டார். காது கூசியது. எழுந்து இளம் டாக்டரோடு மாடிக்குப் போனார். நல்ல காற்று, சுத்தமான கட்டில், அந்தந்த வயதுக்குத் தைத்த சட்டைகள். ஒன்றை எடுத்து அதன் கை நீளத்தைச் சாண் போட்டு அளந்து பார்த்தார். கடைசியாகப் பிள்ளைகளோடு டாக்டர்கள் பேசும் அறைக்கு வந்தார்கள். கதவின் நடுவில், முகம் உயரத்துக்கு, ஒரு பெரிய கண்ணாடிச் சதுரம்.

"இது எதுக்கு?"

"பெத்தவங்க வெளிய இருந்து பாத்துக்கலாம் மேடம். பேச்சு கேக்காது. பிள்ளை அழுகுதா, சிரிக்குதான்னு மட்டும் தெரியும். கட்டட கமிட்டியில கேட்டுக்கிட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன் மேடம். சின்னப் பொண்ணுன்னு விட்டுட்டாங்க."

டாக்டர் நடைபாதையில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "கட்டட வேலைக்கு வந்த தச்சர் இங்கதானே இருப்பார், கூப்பிடுங்க. இதை மூடற வரைக்கும் நான் எந்திரிக்கிறதா இல்ல."

"அனுமதி வாங்கணும் மேடம்."

"யாராவது கேட்டா, ஒரு கிழவி வந்து கலாட்டா பண்ணிட்டாள்னு சொல்லுங்க. நம்புவாங்க. என்னைத் தெரிஞ்சவங்கதான் கீழ இருக்காங்க."

 இளம் டாக்டர் தானே படியிறங்கித் தச்சரைக் கூட்டி வந்தாள். அவர் பலகையை வைத்துத் துளை போட ஆரம்பித்ததும் மெஷின் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. கீழே ஒலிபெருக்கியில் பெரிய டாக்டர் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். ஒரு சிப்பந்தி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தான்.

"ஐயா பேசிட்டிருக்காரு. சத்தம் போடாதீங்கன்னு சொன்னாரு."

"பேசி முடிக்கட்டும்னு ரொம்ப வருஷம் காத்திருந்துட்டேன்ப்பா" என்றார் டாக்டர். தச்சரைப் பார்த்து, "நீங்க போடுங்க" என்றார்.

நாலு மூலையிலும் திருகாணி ஏறியது. டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார், இளம் டாக்டரை வெளியே நிற்கவைத்து ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று பதில் வந்தது. உள்ளே எதிரெதிராகப் போட்டிருந்த நாற்காலிகளை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கூட்டம் கலைவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று வேகமாகப் படியிறங்கினார். வழியெல்லாம் அந்தக் கல்வெட்டைப் பற்றிக் கணவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனார்.